மரபு யார் வீட்டுச் சொத்து?

கேள்வி: அமெரிக்கப் பழங்குடி ஓவியர் நவீன பாணியில் வரைந்தால் மரபு போய்விடாதா?

பதில்: 1958-இல் டல்சா நகரின் ஃபில்புரூக் கலைக்கூட ஓவியப் போட்டி நடுவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். டகோட்டா பழங்குடி ஓவியர் ஆஸ்கர் ஹவ் அனுப்பிய நடன ஓவியத்தை, மரபான அமெரிக்க இந்திய ஓவியமில்லை என்று ஒதுக்கினார்கள். மனிதர் விடுவாரா? காரசாரமாகக் கடிதம் போட்டார். போட்டி விதியே மாறியது!

அவர் படங்களைக் கிட்டத்தில் பாருங்கள். ஆடுபவரின் உடல் கூர்கூரான வண்ணத் துண்டுகளாகி, நாம் பார்க்கப் பார்க்கச் சுழலும். பிக்காசோ சாயல் என்றார்கள் விமர்சகர்கள். எங்கள் டகோட்டாக் கோடுகள் என்றார் அவர். பாட்டி சொன்ன கதைகளில் வளர்ந்த பிள்ளை. டகோட்டா மரபு அவரைவிட யாருக்குத் தெரியும்?