விடுபட்ட ஃப்ரேம்களும் அவற்றை எண்ணுவோரும்

லினக்ஸ் கணினியில் தொலைக்காட்சியைப் பதிவு செய்வோர், இக்கட்டுரையை எழுதுபவர் உட்பட, பதிவு செய்ததைப் பார்ப்பதில்லை. பதிவு நிரல் அடிவரியில் காட்டும் விடுபட்ட ஃப்ரேம்களின் எண்ணிக்கையையே பார்க்கின்றனர். பால் முறை ஒளிபரப்பில் நொடிக்கு 25 ஃப்ரேம்கள், அதாவது 25 முழுப்படங்கள், வருவதால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அவகாசம் 40 மில்லிநொடியே. கணினி அதற்குமேல் பராக்குப் பார்த்தால் படம் போயிற்று. பந்து மட்டையின் விளிம்பில் பட்டதா என்று காட்டவேண்டிய படம் மட்டும் பொறுக்கியெடுத்தாற்போல் விடுபட்ட அண்மைக் கொடுமையை முன்னிட்டு, இதன் மூலகாரணம் இங்கு இறுதியில் கூறப்படும்.

முதற்பழி டிஎம்ஏ மீது விழும். செயலியின் தயவின்றி வட்டும் நினைவகமும் தாமே தரவைப் பரிமாறிக்கொள்ளும் இவ்வேற்பாடு பழைய ஐடிஇ வட்டுகளில் அணைந்துகிடந்தால், 720க்கு 576 புள்ளிகள் கொண்ட சுருக்கப்படாத படம் நொடிக்கு ஏறத்தாழ 20 மெகாபைட் வீதம் வந்து குவிவதைச் செயலியே சுமந்தாகவேண்டும். எச்டிபார்ம் கட்டளையால் அதை இயக்கிய பின்னும் படங்கள் விடுபடும். பிறகு ஒளிபரப்பை வாங்கித் தரும் ட்யூனர் கார்டைக் கணினியின் வேறு பிசிஐ செருகுவாய்க்கு மாற்றுவர், அப்போதும் விடுபடும்.

அழித்தலோ தனி ஆய்வுக்குரியது. ஈஎக்ஸ்டி3 என்னும் கோப்பு முறைமையில் பல கிகாபைட் கோப்பொன்றை அழிப்பதென்றால், அதன் துண்டுகள் வட்டில் எங்கெங்கே கிடக்கின்றன என்னும் பட்டியலைப் படித்துப் படித்து ஒவ்வொன்றையும் விடுவிக்கவேண்டும் என்பதால், பல நொடிகள் வட்டு அவ்வேலையிலேயே மூழ்கிவிட, அந்நேரம் பதிவாகும் நிகழ்ச்சி வாசலில் காத்துக்கிடந்து வெறுத்துப்போய்ச் சில படங்களைக் கைவிடுகிறது. இதற்காகவே மித்டிவி என்னும் பதிவு மென்பொருளில், கோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கி அழிக்கும் வசதி ஒன்று உண்டு. காசு கொடுத்து வாங்கிய சொந்த வட்டில், தொட்டிலில் குழந்தை உறங்கும் வீட்டில் நடப்பதுபோல் நுனிக்காலில் நடந்து, தமக்கு வேண்டாத ஒன்றை அழிப்பதற்கும் ஒருவர் அனுமதி பெறவேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? பழையதை அழிக்காவிடில் புதியதற்கு இடமில்லை. அழித்தால் புதியது ஓட்டையாகிறது. வட்டை இரண்டாக்கலாமெனில், இரண்டாவதும் ஒரு வாரத்தில் நிரம்பிவிடும், ஏனெனில் எதையும் பார்த்து முடித்துத் தொலைக்கும் பழக்கம் இவ்வினத்தாருக்கு அறவே இல்லை. எம்பெக்-2 சுருக்கத்தைத் தானே செய்யும் கார்டு ஒன்றை வாங்கிவிடுக என்போர் கூறுவது ஆலோசனையன்று, வியாபாரம்.

மூலகாரணத்தைக் கூறுமுன், சோதனைக்கெனப் பதிவு செய்த வானிலை அறிக்கைகளால் வட்டு நிரம்பிவிட்டமையால், யாரும் பார்த்திராத அந்தக் கிரிக்கெட் ஆட்டத்தை முதலில் அழிக்கவேண்டியுள்ளது; அழிப்பு நடந்துகொண்டிருக்கிறது, அடிவரி எண்ணும் ஏறிக்கொண்டிருக்கிறது.