நோட்டோட காட்டுக்குப் போற பேராண்டிக்கு

வாய்யா மானிடவியல்! பசியாறிட்டியா? முதுகுல பை, கையில ரிக்கார்டர், கால்ல அட்டை ஏறாத பூட்ஸ். ஜக்கூன் பூர்வகுடி ஆளுங்களை ஆராயப் போறியாக்கும். போ, போ. அட்டைக்கும் ஆராய்ச்சிக்காரனுக்கும் ஒரே வித்தியாசம்தான்: வயிறு ரொம்பினா அட்டை தானா விழுந்துடும்.

உனக்கு முந்திப் போனவங்க கதையைக் கேளு. 1930கள்ல தைப்பிங் மியூசியத்துல வேலை பாத்த பேட் நூன்னு ஒரு வெள்ளைக்காரர் தெமியார்ங்கிற இன்னொரு பூர்வகுடி ஆளுங்களோடவே தங்கி, அங்கேயே பொண்ணும் கட்டினார். அவர்கூட காட்டைச் சுத்தின அமெரிக்கக்காரர் கில்டன் ஸ்டீவர்ட் 1951ல ஒரு கட்டுரை விட்டார். தெமியாரும் சேந்த செனோய் இனத்துக் குடும்பங்க காலையில எந்திரிச்சதும் ராத்திரி கண்ட கனவை அலசுமாம்; அதனால அங்க சண்டையும் கிடையாதாம், புத்தி கலங்குறதும் கிடையாதாம்! கலிபோர்னியாவுல அதை வேதமாட்டம் புடிச்சிக்கிட்டாங்க. 1985ல டாம்ஹாஃப்னு ஒருத்தர் கிளறிப் பாத்து, பாதிச் சரக்கு ஸ்டீவர்ட்டோட சொந்தக் கனவுன்னு போட்டு உடைச்சார்.

சிரிக்காதே. நம்ம தமிழாளுங்களையும்தான் வெள்ளைக்காரன் எழுதி வச்சான், 'சொன்ன பேச்சு கேக்குற ஜனம்'னு. அந்த வரியை நம்பித்தான் துரைமாருங்க நம்ம பாட்டன்மாரைக் கித்தா காட்டுக்குக் கப்பல் ஏத்தினாங்க. அப்படி அடி வாங்கின நாமளே, லயத்துல தலை வாராத புள்ளையை, பூர்வகுடியை இழிவா சொல்ற பேரால 'சக்காய்'னு வைதோம்.

நான் பால் வெட்டின காலத்துல ஒரு ஜக்கூன் பெரியவர் பெத்தாய் கட்டோட வருவார். உப்பும் புகையிலையும் வாங்கிட்டுப் போவார். எந்த மரத்துக் காய்ன்னு ஒரு நாள் கேட்டேன். "என் பாட்டன் மரம்"னார். காட்டு மரத்துக்கு ஏதுடா பாட்டன்னு மனசுக்குள்ள சிரிச்சேன், கூமுட்டை.

அந்தப் பாட்டன் யாருன்னு கோர்ட்டு வந்துதான் சொல்லிச்சு. லிங்கியூ அணைக்குக் காட்டை எடுத்தப்போ அடோங் பின் குவாவோட சேந்து 52 ஜக்கூனுங்க ஜொகூர் அரசாங்கத்து மேல வழக்குப் போட்டாங்க. 1996ல ஜொகூர் பாரு உயர்நீதிமன்றம் 26.5 மில்லியன் வெள்ளி கொடுக்கச் சொல்லிச்சு. பரம்பரை மண்ணு, நடமாட்டம், காட்டு விளைச்சல், புள்ளைகுட்டி பிழைப்பு, எல்லாம் கணக்குல வந்துச்சு. கனவு மட்டும் வரல.

அதனால மரத்தைக் கேளு, ஆத்தைக் கேளு, யாரு எடுத்துக்கிட்டான்னு கேளு. எழுதினதை அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அவங்களுக்கே வாசிச்சுக் காட்டு. விழுந்து விழுந்து சிரிச்சாங்கன்னா, அங்கேயே கிழிச்சுப் போட்டுட்டு வா.