குவார்ட்டரும் குவார்ட்டர்ஸும்: ஜவ்வாது மலையை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

இந்த ஆய்வுக்கு வித்திட்ட இடம் ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயம் பேருந்து நிலையம். அங்கே அரசு வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர் தம் குவார்ட்டர்ஸில் வந்து தங்கச் சொல்லியிருந்தார். வாணியம்பாடி பஸ்ஸை விட்டுக் காலை ஒன்பதரை மணிவாக்கில் இறங்கி, டீக்கடையில் நின்றவரிடம், "அண்ணே, இங்க குவார்ட்டர்ஸ் எங்க இருக்கு?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. ஒருவிதக் கனிவுதான் இருந்தது. "பன்னெண்டு மணிக்குத்தான் சார் தொறப்பாங்க. அதுவரைக்கும் ஒரு டீ சாப்பிடுங்க" என்றார்.

ஒரு 'ஸ்' பஸ் இரைச்சலில் கரைந்துபோனதால் நேர்ந்த இந்த இழுக்கை வேறொருவர் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். நான் நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

ஆலங்காயத்தில் தொடங்கி, காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரை மூன்று நாள் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்ததில், இச்சொல் இந்த மலையில் நான்கு பொருளில் வழங்குவது தெரியவந்தது. அரசு ஊழியர்கள் குடியிருப்பது குவார்ட்டர்ஸ். செப்டம்பரில் பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டுவது குவார்ட்டர்லி. காவலூர் வானாய்வகத்தார் அண்ணாந்து பார்த்துக் கணக்கிடுவது நிலாவின் குவார்ட்டர். நான்காவதை விளக்க வேண்டியதில்லை. 'நாலில் ஒன்று' என்று பொருள்படும் சொல்லுக்குச் சரியாக நான்கு பொருள் வாய்த்திருப்பதைத் தற்செயல் என்று நம்ப ஆய்வாளன் மனம் மறுக்கிறது. ஆனாலும் தற்செயல்தான்.

மலையேறும் பஸ்ஸில் ஓர் ஆசிரியர் இன்னொருவரிடம் சொன்னது, தரவு எண் 11: "குவார்ட்டர்லி முடிஞ்ச கையோட குவார்ட்டர்ஸப் பூட்டிட்டு ஊருக்குக் கிளம்பிடணும்." நான்காவது பொருளும் இதே மூச்சில் வந்துவிடும் என்று பேனாவைத் திறந்தபடி காத்திருந்தேன். அவர் நல்லாசிரியர். வரவில்லை.

இனி வேர். லத்தீனில் நான்குக்குக் 'குவாட்டுவோர்', நான்காவதற்குக் 'குவார்ட்டுஸ்'. இதில் கிளைத்தது 'குவார்ட்டாரியுஸ்'. வாசகர் நின்றுகொண்டு படித்தால் இந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வது நல்லது. குவார்ட்டாரியுஸ் என்பது ரோமானியரின் முகத்தலளவை. 'செக்ஸ்டாரியுஸ்' என்ற அளவு இன்றைய கணக்கில் ஏறக்குறைய 546 மில்லி. அதில் கால் பங்கு, அதாவது சுமார் 136 மில்லி, ஒரு குவார்ட்டாரியுஸ். ஒயினையும் அதில்தான் அளந்தார்கள். வரும்படியில் நாலில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு உழைத்த கோவேறு கழுதைக்காரனுக்கும் அதே பெயர் இருந்தது. அவனையும் ஒயினையும் சேர்த்துவைத்து யோசிக்க இங்கே இடமில்லை.

இவ்வளவு தெளிவாகப் பிறந்த சொல்லை ஐரோப்பியர் என்ன செய்தார்கள்? பிரெஞ்சுக்காரர் அதைக் 'கார்த்தியே' ஆக்கி, ஊரை நாலாக வெட்டினால் வரும் ஒரு துண்டுக்கு வைத்தார்கள். பிறகு நாலோ நாற்பதோ, எந்தப் பேட்டையும் கார்த்தியே ஆயிற்று. பாரிஸ் மாநகரில் 20 வட்டங்கள், வட்டத்துக்கு 4 வீதம் 80 கார்த்தியே. அங்கே மட்டும் கணக்கு இன்னும் உதைக்காமல் இருக்கிறது. அந்நகரின் ஒரு பேட்டைக்கு 'லத்தீன் கார்த்தியே' என்று பெயர். ஒரு காலத்தில் அங்கே மாணவர்களும் ஆசிரியர்களும் லத்தீன் பேசித் திரிந்ததால் வந்தது. லத்தீன் பேசியவர்களை வைத்துக்கொண்டே லத்தீன் சொல்லின் பொருளை மாற்றியிருக்கிறார்கள் பாருங்கள்.

ஸ்பானியருக்குக் 'குவார்த்தெல்' என்றால் படைவீடு, 'குவார்த்தோ' என்றால் அறை. போர்ச்சுகலில் 'குவார்த்து' கேட்டால் படுக்கையறையைத் திறந்துவிடுவார்கள். ஜெர்மானியருக்குக் 'குவார்ட்டீர்' தங்குமிடம். ரஷ்யர் 'குவர்த்தீரா' என்று அடுக்ககத்து வீட்டுக்குப் பெயரிட்டுவிட்டார்கள். சுவீடன்காரருக்கு அது வீடுகளின் தொகுதி. பக்கத்து வீட்டு டேனியருக்கோ கால் மணி நேரம். ஆங்கிலேயர் வழக்கம்போல எதையும் விடாமல் எல்லாப் பொருளையும் மூட்டை கட்டிக்கொண்டார்கள். போதாததற்கு, தோற்ற எதிரிக்குக் காட்டும் இரக்கத்தையும் அதிலேயே திணித்தார்கள். அமெரிக்கர் 25 காசு நாணயத்துக்குச் சூட்டினார்கள்.

மொத்தத்தில் ஐரோப்பாவின் போக்கு இதுதான்: கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள். இத்தாலிய உணவகத்தில் கால் லிட்டர் ஒயினைக் 'குவார்த்தினோ' என்று கேட்கிறார்களே என்று எதிர்த்தரப்பு கை தூக்கும். அது குவார்ட்டுஸ் வழியில் வந்த தம்பிமுறைச் சொல். நேர் வாரிசான 'குவார்த்தியெரே' இத்தாலியிலும் பேட்டைதான். ஆட்சேபம் தள்ளுபடி.

பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கும், கம்பெனிப் படையோடு நம் ஊருக்கும் வந்த சொல் முதலில் படுக்கையைத்தான் கொண்டுவந்தது. குவார்ட்டர்ஸ் என்ற பொருளில் அது வெறும் ஐரோப்பிய எச்சம். தமிழன் செய்த அருஞ்செயல், கடைசி 'ஸ்'-ஐக் கிள்ளி எறிந்துவிட்டு ரோமானிய முகத்தலளவையை மீட்டதுதான். டாஸ்மாக் 1983-இல் பிறந்தது; 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இந்த நிறுவனத்தின் கவுன்ட்டரில் கம்பிக்குள் கையை நீட்டி "ஒரு கோட்டர்" என்பவர், தாம் அறியாமலே லத்தீன் பேசுகிறார். அளவிலும் நாம் குறைவில்லை: ரோமானியனுக்கு 136, நமக்கு 180.

இதற்கு நன்னூல் இடம் தருமா? தரும். பவணந்தியார் ஆகுபெயர்களில் அளவையைச் சேர்த்திருக்கிறார். உடம்பில் கால் பங்கு என்பதால் நடக்கும் உறுப்புக்குக் 'கால்' என்று பெயர் வந்ததாகவும், அது எண்ணலளவை ஆகுபெயர் என்றும் பள்ளியில் படித்தோம். 'குவார்ட்டர்' எண்ணலளவையா, முகத்தலளவையா? "குவார்ட்டர் அடித்தான்" என்கையில் உள்ளிருப்பது. "குவார்ட்டர் உடைந்தது" என்கையில் புட்டி. முன்னது முகத்தல், பின்னது அதற்கும் மேல் ஓர் ஆகுபெயர். ஆக, இது இருமடி ஆகுபெயர் என்பது என் துணிபு. கால் என்ற எண் உறுப்பாகி மனிதனை நிறுத்துகிறது. அதே எண் புட்டியாகி அவனைச் சாய்க்கிறது. பன்மையிலும் குழப்பம் வராது. புட்டி எத்தனையானாலும் "ரெண்டு கோட்டர்", "மூணு கோட்டர்"தான். 'ஸ்' வந்தால் அது வீடு. ஆங்கிலேயனிடம் இல்லாத வரம்பு இது.

ஒரு குறையை மறைக்கக் கூடாது. முழுப் புட்டி 750 மில்லி. அதில் கால் 187.5. கையில் தருவதோ 180. நாலு குவார்ட்டர் கூடினால் 720தான். 30 மில்லி, அதாவது ஒரு சின்ன பெக், கணக்கில் மாயமாகிறது. முந்திரி, வீசம், மாகாணி என்று பின்னத்துக்குப் பின்னம் பெயர் வைத்து உயிரை விட்ட இனம் இதைக் கேள்வி கேட்காமல் இருப்பது வியப்பு. இரவு 10 மணிக்குக் கடை சாத்தும் நேரத்தில் கேட்கவும் முடியாது.

இந்தப் பிசகு காவலூரிலும் உண்டு. அங்கே 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் வானத்தைத் துழாவிக்கொண்டிருக்கிறது. மங்கலான விண்பொருளைத் தேடுவோருக்கு நிலா வெளிச்சம் பகை என்பதால், நிலா எந்தக் குவார்ட்டரில் இருக்கிறது என்பது அங்கே தொழில் விவகாரம். அஷ்டமியை ஒட்டி வரும் முதல் குவார்ட்டர் அன்று மேலே பார்த்தால் வட்டத்தில் சரிபாதி பளிச்சென்று தெரியும். நிலா தன் சுற்றில் கால்வாசி கடந்ததைத்தான் பெயர் குறிக்கிறது. பேரோ குவார்ட்டர், கண்ணுக்குத் தெரிவது ஆஃப். மலையடிவாரத்தில் குறைத்து ஊற்றியதை வானம் ஈடுகட்டுகிறது என்று கொள்ளலாம்.

பேச்சு வழக்கில் இருக்கும் 'கோட்டர்' தூய தமிழே என்று யாரேனும் கிளம்பக்கூடும். திருச்செங்கோட்டில் உள்ளதுபோலக் 'கோடு' என்றால் மலை. மலையில் இருப்பவர் கோட்டர். அப்படியானால் மாற்றலாகி மலையேறிய எழுத்தர், வனக்காப்பாளர், வானியலாளர், நான் எல்லோரும் கோட்டரே. 'கோடுதல்' என்றால் வளைதல். இரவு 10 மணிக்கு மேல் சிலர் நடை கோடுவதால் கோட்டர் என்றும் வாதிடலாம். இரண்டும் இவ்வளவு அழகாகப் பொருந்துவதே சந்தேகத்துக்கு இடம் தருகிறது. நிராகரிக்கிறேன், மனசில்லாமல்தான்.

புதுச்சேரியில் கள ஆய்வைத் தொடர எண்ணம் இருக்கிறது. 'பிரெஞ்சு குவார்ட்டர்' என்று அங்கே கடற்கரைப் பேட்டையைச் சொல்கிறார்கள். அதை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துப் போன தமிழர் இருக்கத்தான் வேண்டும். பயணப்படியைத்தான் யாரும் தர மாட்டேன் என்கிறார்கள்.

அதுவரை, ஆலங்காயத்தில் இறங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். "அரசு ஊழியர் குடியிருப்பு" என்று முழுசாகக் கேளுங்கள். என் நண்பரின் வீடு அந்த டீக்கடைக்குப் பின்னால் மூன்றாவதாக இருந்தது.