பஜ்ஜியின் வெளியுறவுக் கொள்கை

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கும் தீவு என்று யார் சொன்னது? 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியது. ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. வாழைக்காய் பஜ்ஜி விலையில் ஏறி, உடம்பில் மெலிந்து, அதன் வழியே ராஜகோபுரம் தெரிந்தது. என்ன ஒரு சமத்துவம்! உலகச் சந்தை லாபத்தில் திருச்சி காந்தி மார்க்கெட் மூட்டைக்காரருக்குப் பங்கில்லைதான். நஷ்டத்தில் ஜகார்த்தா அவரை மறந்ததே இல்லை.

மே மாதமே தடை நீங்கியது. எண்ணெயும் பிறகு இறங்கியது. பஜ்ஜி இறங்கவில்லை.

“போர் இன்னும் முடியலையே சார்” என்றார் கடைக்காரர்.

நியாயம். “அப்ப தொட்டியத்து வாழை விவசாயிக்கும் கூட்டிக் குடுத்தீங்களாண்ணே?”

“அது உள்ளூர்ச் சரக்கு சார். உலகப் பிரச்சினையில அவரை எதுக்கு இழுக்கணும்?”