வரதனுக்கே குடை வேணும்

வாடா கண்ணு, இப்படி உக்காரு. திடல்ல நடக்கிற கைவினைச் சந்தையில கொலு பொம்மைக் கடை போடப் போறியாமே? ஒரு மேஜை, பின்னால உன் போட்டோ போட்ட பேனர். தார்ப்பாய் எங்கேன்னு கேட்டா, "மழை வராது தாத்தா, போன்ல பார்த்துட்டேன்"னு சொல்றே. ரொம்ப நல்லது. அந்த போனையும் பொம்மையோட மேஜை மேலயே வை. சேர்ந்து நனையட்டும்.

காஞ்சிபுரத்துல பொறந்தவன் பேசுற பேச்சா இது? ரங்கன் நடையழகு, வரதன் குடையழகுன்னு ஊரே சொல்லுது. பெருமாளே குடை இல்லாம வீதிக்கு வர்றதில்லை. நீ அவரைவிடப் பெரிய ஆளு!

2019-ல அத்தி வரதரைப் பார்க்க என்னோட வரிசையில நின்னியே, மறந்துட்டியா? ஜூலை 1-லேர்ந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள் காத்து வாங்கிட்டு, மறுபடி அனந்தசரஸ் குளத்துக்கு அடியில போய்ப் படுத்துட்டார். அன்னியிலேர்ந்து 40 வருஷம் தண்ணிவாசம். அவர் அத்திமரம், தாங்குவார். உன் தசாவதார செட்டு ஊறவெச்ச காகிதமும் மாவுப் பசையும். ஒரு மழை அடிச்சா மச்சமும் கூர்மமும் வேணா சந்தோஷப்படும். மத்த எட்டுப் பேர் கதி?

நாங்க தறிக்காரங்க வானத்தைப் பார்த்துப் பிழைச்சவங்க. விடியக்காலையில தெரு நீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சி போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை அண்ணாந்து பார்ப்போம். அடைமழைன்னா குழித்தறியில தண்ணி ஊறும், காலை உள்ளே விட முடியாது. அதுக்காக மழையைத் திட்டினோமா? திட்டினா அது கூலியா குடுக்கப் போகுது?

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்குலதான் இறங்கும். நவராத்திரி சமயத்துல பெரும்பாலும் வர்றது வெக்கையில கிளம்புற இடிமழை. காலையெல்லாம் வெயில் பல்லைக் காட்டும், சாயங்காலம் மேற்கே கறுக்கும். அதனால பெரிய வியாபாரத்தை மதியத்துக்குள்ள முடி. திடீர்னு குளிர்ந்த காத்து முகத்துல அடிச்சா, உடனே பேனரைக் கழட்டு. கழட்டலைன்னா உன் போட்டோவே பாய்மரமாகி, கடையை வாலாஜாபாத் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போயிடும். பந்தக்காலுக்கு மணல் மூட்டை கட்டு. கீழ் வரிசையைச் செங்கல் மேல பலகை போட்டு ஏத்து.

தார்ப்பாயை நடுவுல உசத்தி, பின்பக்கம் தாழ்த்திக் கட்டு. தட்டையா கட்டினா தண்ணி தேங்கித் தொப்பை போடும். நீ பெரிய புத்திசாலியாட்டம் கீழேயிருந்து கழியால குத்துவே. அது அத்தனையும் அப்பத்தான் செட்டியார் பொம்மை விலை கேட்டுக்கிட்டிருக்கிற மாமி தலையில கொட்டும். அப்புறம் அந்தத் தெருவுல ஒரு வீட்டுக் கொலுப் படியிலயும் உன் பொம்மை ஏறாது. அதே மாதிரி, பொம்மையை பிளாஸ்டிக் கவர்ல இறுக்கிக் கட்டி ராப்பூரா வைக்காதே. வெயில் பட்டதும் உள்ளே வேர்த்து முருகர் மீசை வழியும். முருகருக்கு ஏது மீசைன்னு கேட்கறியா? அது இறங்கி வந்த புருவம்டா.

இப்ப கிட்ட வா, இது ரகசியம். மழை வந்தா ஜனம் ஓடிடும்னு பயப்படறே. எங்கே ஓடும்? எவன் பந்தல் ஒழுகலையோ அங்கேதான் ஓடும். ஒரு ஸ்டூலைப் போடு. குழந்தைக்குத் தலை துவட்டத் துண்டு குடு. வாங்குங்கன்னு வாயே திறக்காதே. சும்மா ஒரு பொம்மையைத் துடைச்சுக்கிட்டே, அச்சுல எடுத்தது, காய வெச்சது, கண்ணு எழுதினதுன்னு உன் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டிரு. வெயில்ல வந்தவன் பாதி விலைக்குக் கேட்பான். ஓசியில அரை மணி நேரம் ஒதுங்கினவனுக்கு வெறுங்கையோட போகக் கூசும். அந்தக் கூச்சத்துக்குத் தோதா சின்னப் பிள்ளையார் நாலு பேரை முன்வரிசையில உக்கார வை. பணம் வாங்குற க்யூஆர் அட்டையை மட்டும் லேமினேட் பண்ணிடு. சாமி நனைஞ்சா சாயம் பூசிக்கலாம்.

நவராத்திரி நல்லா போச்சுன்னு கார்த்திகையில விளக்கு விக்க ஆசைப்படுவே. அப்ப புயலுக்குப் பேர் வெச்சுட்டாங்கன்னா கடையே போடாதே. 2023 டிசம்பர்ல மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல், ரெண்டையும் பார்த்தோமில்ல? அன்னிக்குத் திடல்ல நிக்கிறவன் வியாபாரி இல்லை, வேடிக்கை.

போ, போய்க் கயிறு வாங்கு. எல்லாம் வித்துத் தீர்ந்தா, தாத்தா குடுத்த யோசனைன்னு நாலு தெருவுக்குக் கேட்கச் சொல்லு. நனைஞ்சு திரும்பினா மழை மேல பழியைப் போடு. அது எதிர்த்துப் பேசாது.