கரப்பானுக்குக் கணப்பு

ஏங்கண்ணு, ஜெர்மனிக்குப் போயி கரப்பான் வளக்கறயாமா? ரொம்பச் சந்தோசம். ஆடு வளத்தா மேய்க்கோணும். மாடு வளத்தா பால் பீச்சோணும். நாய் வளத்தா நடத்திக் கூட்டிட்டுப் போகோணும். கரப்பான் தேவலை. ஆள் வந்தாக் கொலைக்காது, நீ வந்தாலும் வாலாட்டாது.

வீடியோவுல பாத்துட்டு உங்காத்தா சீமாத்தைத் தேடினாளாமே, அவ மேல கோவிச்சுக்காதே. அவளுக்குத் தெரிஞ்சது சமையக்கட்டுக் கரப்பான். உலகத்துல 4,500 வகைக்கு மேல கரப்பான் இருக்குது. அதுல மனுசன் ஊட்டை அண்டித் தொந்தரவு பண்றது ஒரு 30 வகை. அந்த முப்பது பண்ற அட்டூழியத்துக்கு மொத்தச் சாதிசனமும் சீமாத்தடி வாங்குது. ஊர் நாயம் அப்படித்தானே?

உன்றது வேற. கருப்பு மேல வெள்ளைப் பொட்டு ஏழு. ஒரு றெக்கையில நாலு, இன்னொண்ணுல மூணு. எண்ணிப் பாத்தியா, இல்ல போட்டோ புடிச்சதோட சரியா? தெரியா பெட்டிவேரியானான்னு அதுக்குப் பேரு. 'பாலைவனக் கரப்பான்'னு டப்பா மேல எழுதி உன்ற தலையில கட்டியிருக்கான். எந்தப் பாலைவனம் கண்ணு? அது பொறந்தது தென்னிந்தியாவுல, நம்ம பக்கத்து முள்ளுக்காட்டுல. சருகுக்கடியில கம்முன்னு கெடக்கற சென்மம். நீ ஆடு முடுக்கின இட்டேரியில அது உன்ற காலுக்கடியில ஓடியிருக்கும். அப்ப குனிஞ்சு பாக்கலை. இப்ப யூரோ குடுத்துப் பாக்கறே. உள்ளூர் மாடு உள்ளூர்ல வெலை போகாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

ஏமாந்தது நீ மட்டும்னு வெசனப்படாதே. 1758-ல சுவீடன்காரர் லின்னேயஸ் இதுக்குப் பேரு வெச்சப்ப, ஆமைவண்டுக் கூட்டத்துல கொண்டு போய்ச் சேத்துட்டாரு. உலகத்துக்கே பேரு வெச்ச மனுசன், கரப்பானை வண்டுன்னு நெனைச்சுட்டாரு. பேருல இருக்கற பெட்டிவர், லண்டன்ல மருந்துக்கடை வெச்சிருந்தவரு. மெட்ராஸ் கோட்டை டாக்டரு அந்தக் காலத்துலயே அவருக்கு நம்ம ஊர்ச் செடிகொடியெல்லாம் காயவெச்சு அனுப்பியிருக்காரு. நம்ம புதர்ல கெடக்கறதைச் சீமைக்காரன் பத்திரப்படுத்தறது நேத்து வந்த வழக்கம் இல்ல.

அந்தப் பொட்டு எதுக்குன்னு தெரியுமா? நம்ம காட்டுல ஆறு பொட்டு வண்டு ஒண்ணு இருக்குது. சீண்டினா அமிலம் பீச்சும். பச்சி, ஓணானெல்லாம் அதுகிட்டப் போகாது. இந்தக் கரப்பானுக்கு அந்த வண்டோட அமிலம் இல்ல. பொட்டு இருக்குது. வண்டியில 'பிரஸ்'னு ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போறவனாட்டம், அதை வெச்சுப் பொழைச்சுக்குதுன்னு சொல்றாங்க. மூளை யாருக்கு இருக்குதுன்னு நீயே சொல்லு.

செரி, வாங்கிட்டே. இனி வளக்கோணுமே. பெட்டிக்கடியில சூட்டு மெத்தை போட்டிருக்கறயாமா? அந்த ஊர்க் குளுருக்கு வேண்டியதுதான். 25 டிகிரியை ஒட்டி இருந்தாப் போதும். ஆனா பெட்டியடி முழுக்கப் பரப்பாதே. ஒரு ஓரமா வை. சூடு வேணும்னா அந்தப் பக்கம் போகும், வேண்டாம்னா இந்தப் பக்கம் வரும். நாலு காலுக்கு மேல ரெண்டு எச்சாவே இருக்குதே, நடக்கத் தெரியாதா?

மண்ணு எங்க வாங்கினே? 'தென்னை நார்த் தூள்'னு கட்டி கட்டியா விக்கறானே, அதா? அது பொள்ளாச்சிப் பக்கம் மலையாட்டம் குமிஞ்சு கெடந்து, எங்க கொட்டறதுன்னு தெரியாம முழிச்ச கழிவு கண்ணு. இப்ப அழுத்திக் கட்டியாக்கிக் கப்பல்ல ஏத்தறாங்க. நம்ம ஊர்க் கரப்பானுக்கு நம்ம ஊர் நார்க் கழிவைச் சீமையில காசு குடுத்து வாங்கிப் போடறே. இதைத்தான் உலக வியாபாரம்னு படிச்சயா?

போனது போகட்டும். அந்தத் தூளை நாலு வெரக்கடை ஒசரத்துக்குக் கொட்டு. காஞ்ச சருகு, மக்கின மரத்தூள் கலந்துக்கோ. சருகுதான் அதுக்குச் சோறு, அதுதான் கூரை. மருந்தடிக்காத மரத்துச் சருகாப் பொறுக்கு. பாலைவனம்னு எழுதியிருக்குதேன்னு வெறும் மணலைக் கொட்டி வறுத்துப் போடாதே. ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் காய்ச்சல். அவ்வளவுதான் ரகசியம். பாசத்துல தெனமும் தண்ணி பீச்சினயானா பூசணம் புடிக்கும், உண்ணி ஏறும். பாசம் எச்சானாலும் சாவுதான்.

கரப்பான்ல தண்ணிக்கு அழுவாத சாதியும் இருக்குது. கலிபோர்னியா மணல்மேட்டுல அரெனிவாகான்னு ஒரு கரப்பான் இருக்குது. அதுதான் நெசமான பாலைவனத்தான். மணலுக்குள்ள எறங்கி, வாயிலருந்து ரெண்டு பையை வெளிய தள்ளி, காத்துல இருக்கற ஈரத்தையே உறிஞ்சிக்கும். காத்துல ஈரம் நூத்துக்கு எம்பது, எம்பத்தி ரெண்டு இருந்தாச் செரி. காத்துலருந்து அது ஈரம் இழுக்கறதை 1966-லயே எழுதி வெச்சுட்டாங்க. நீ மினரல் வாட்டருக்கு ஸ்ப்ரே பாட்டல் தேடறே.

தீனிக்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கேரட்டு நறுக்கு, ஆப்பிள் தோலு, நாய்க்குப் போடற காஞ்ச தீனி நாலு துணுக்கு. மிச்சத்தை அழுகறதுக்கு முன்னால எடுத்துப் போடு. ஆர்கானிக்கா, குளூட்டன் இருக்குதான்னு அது கேக்காது. கேக்கறது நீதான்.

இன்னொண்ணு. குஞ்சுக பழுப்பு நெறத்துல, பொட்டில்லாம, மண்ணுக்குள்ளயே மாசக்கணக்குல கெடக்கும். ஒறம்பரை வந்து, "எங்கடா உன்ற செல்லம்?"னு கேட்டா மண்ணு டப்பாவைத்தான் காட்டோணும். வெக்கமா இருக்குதேன்னு கரண்டியை உட்டுக் கிண்டாதே. வெதைச்சவன் மொளைச்சுதான்னு தோண்டிப் பாத்தா வெள்ளாமை வெளங்குமா? வருசம் ஒண்ணு ஆனாலும் ஆகட்டும். பொட்டுப் போட்டுட்டு அதுவா மேல வரும்.

இதையெல்லாம் படிச்சுட்டு இங்க இருக்கற பையனுக யாராச்சும் கூடையைத் தூக்கிட்டுக் காட்டுக்குப் போயிராதீங்க. காட்டுல அது வளக்க ஆளில்லாமயே வளந்துக்கும். சருகு தின்னு மண்ணாக்கற வேலை அதுக்கு அங்க இருக்குது. சும்மா இருக்கறது நீங்கதான்.

கடைசியா ஒண்ணு சொல்றேன், மனசுல வை. றெக்கை மொளைச்சு மேல வந்ததுக சில மாசந்தான் இருக்கும். ஒரு நாள் மல்லாந்து கெடக்கும். அன்னிக்கு ஸ்டேட்டஸ்ல கருப்புப் பூ போட்டு அழு, வேண்டாங்கலை. ஆனா துக்கத்துல டப்பாவைக் கழுவறேன்னு மண்ணைக் குப்பையில கொட்டீராதே. முட்டைக்கூடு சின்னதா, கெட்டியா, மண்ணோட மண்ணாத்தான் கெடக்கும். பெத்தவ சொல்லிட்டுப் போகமாட்டா. நீ பாட்டுக்கு மூடி வெச்சுட்டு, ஈரம் மட்டும் பாத்துக்கிட்டு, உன்ற சோலியைப் பாரு. சம்பளம் வாங்கற எடத்துலயும் கொஞ்சம் வேலை இருக்குமல்ல?