கழுகும் கால அட்டவணையும்

செங்கற்பட்டுக்காரனுக்கு ஆகாய மார்க்கத்தின் கால ஒழுங்கைப் பற்றி அளவுக்கு மீறிய நம்பிக்கை இருப்பது இயற்கையே. மாமல்லபுரம் போகும் வழியிலுள்ள திருக்கழுக்குன்றத்தில், காசிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே நித்தியம் பிரயாணம் செய்வதாக ஐதீகம் பெற்ற இரண்டு கழுகுகள், நடுப்பகலில் மலைமேல் இறங்கிச் சர்க்கரைப் பொங்கல் உண்டு திரும்பப் பறந்துபோகும் காட்சியை, பால்யத்தில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நானே பார்த்திருக்கிறேன். என்றைக்காவது அவை வராமற் போனால், “கூட்டத்தில் எவனோ பாவி நிற்கிறான்” என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிடுவாள். பிறகு நாங்கள் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்தபடி படியிறங்குவோம். அந்தக் கழுகுகள் வருவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. முன்னறிவிப்பு எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

மும்பையில் மகள் வீட்டுக் கிருகப்பிரவேசத்துக்காக நானும் என் மனைவியும் காலை ஏழு மணி விமானத்தைப் பிடிக்கக் கிளம்பினோம். டிக்கெட் எடுத்துத் தந்தவன் மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஊர் காட்டும் தொழில் நடத்துகிற, என் மைத்துனரின் குமாரன். இருட்டோடு இருட்டாக மின்சார ரயில் ஏறித் திரிசூலத்தில் இறங்கி (அந்த ஊர் எங்கள் ஜில்லாவைச் சேர்ந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு), மூட்டை முடிச்சுகளோடு கவுண்ட்டரை அடைந்தபோது, அங்கிருந்த பெண் மிக்க பரிவோடு, “உங்கள் ஃப்ளைட் ரெண்டரை மணிக்கு, சார்” என்றாள்.

“ரத்தாகிவிட்டதா?”

“கேன்சல் இல்லை, சார். ரீஷெட்யூல்.”

இவ்விரண்டு சொற்களுக்கும் உள்ள பேதம் அத்வைதத்துக்கும் விசிஷ்டாத்வைதத்துக்கும் உள்ள பேதத்தைப் போல நுட்பமானது என்பதையும், ஆனால் இதில் பண விஷயமும் கலந்திருக்கிறது என்பதையும், ஏழரை மணி நேர ஓய்வில் கைபேசியில் சட்டம் வாசித்தே கற்றுக்கொண்டேன். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010-இல் பிறப்பித்துப் பின்னர் திருத்திய விதிகளின்படி, உரிய காலத்தில் தெரிவிக்காமல் விமானத்தை ரத்து செய்தால், பறக்கும் நேரத்துக்குத் தக்கபடி 5,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது நஷ்டஈடாகக் கிடைக்கும். ‘எது குறைவோ அது’ என்று எழுதியவர் நிச்சயமாகப் பெண்ணுக்கு வரன் பார்த்துச் சீர்வரிசை பேசிய அனுபவசாலி. வெறும் தாமதத்துக்கோ ரொக்கம் கிடையாது. எங்களுடையதைப் போன்ற குறுகிய பிரயாணத்தில் இரண்டு மணி நேரம் தாமதித்தால் ஆகாரம் தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லி, வேறு விமானமோ முழுக் கட்டணமோ, நாம் கேட்பதைக் கொடுக்க வேண்டும்.

ஆகாரம் கொடுத்தார்கள்: இரண்டு துண்டு ரொட்டி, நடுவில் வெள்ளரிக்காய் இருந்ததற்கான அடையாளம். அதைச் சாப்பிட்ட தெம்பில், “24 மணி நேரத்துக்கு முன்பு ஏனம்மா சொல்லவில்லை?” என்று கர்ஜித்தேன். அவள் கணினியைத் தட்டிவிட்டு, “முந்தாநாளே மெசேஜ் போயிருக்கிறதே, சார்” என்று ஒரு எண்ணை வாசித்தாள். அது என் எண் அல்ல, டிக்கெட் எடுத்துத் தந்த மைத்துனர் மகனுடையது.

உடனே அவனைக் கூப்பிட்டேன். “ஆமாம் மாமா, ஏதோ வந்தது. தினம் நூறு வருகிறதே, எல்லாம் லோன் கொடுக்கிறவன் என்று அழித்துவிடுவேன்” என்றான். இதற்கும் விதியில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்: டிக்கெட் எடுக்கும்போது போதிய தொடர்பு விவரம் கொடுக்காத பிரயாணிக்கு நஷ்டஈடு இல்லை. பாட்டியின் சித்தாந்தத்தை டில்லியில் இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் நின்ற பாவி நான்தான்.

இந்தப் பாவம் செய்தவன் நான் ஒருவனே அல்லன் என்பது ஓர் ஆறுதல். 2023 ஜனவரியில் அமிருதசரசிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம், முப்பதுக்கு மேற்பட்டவர்களை விட்டுவிட்டு மணிக்கணக்கில் முன்னதாகவே பறந்துவிட்டது. நேர மாற்றச் செய்தி டிக்கெட் ஏஜெண்டோடு நின்றுபோயிற்று என்றுதான் அப்போதும் காரணம் சொன்னார்கள். தாமதமான விமானத்தையாவது கண்ணால் பார்க்கலாம்.

ஊர் திரும்பியதும் விசாரித்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, கம்பெனி எங்கே இருந்தாலும், வாதி தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். சிறு தொகைக்குக் கட்டணமும் இல்லை. ஆணையமோ செங்கற்பட்டிலேயே இருக்கிறது. உற்சாகமாக மனுவை எழுதி முடித்தேன். முதல் எதிர்க்கட்சிக்காரர் விமானக் கம்பெனி. நியாயம் தவறக் கூடாதல்லவா, இரண்டாவது எதிர்க்கட்சிக்காரராக ஒத்தவாடைத் தெரு விலாசத்தைச் சேர்த்தேன். அதை வாசித்துப் பார்த்த என் மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் மடித்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

வழக்குத் தொடுக்கச் சட்டம் கொடுத்திருக்கும் அவகாசம் இரண்டு வருஷம். அதில் எட்டு மாதம் கழிந்துவிட்டது. சாவி இன்னும் அவள் இடுப்பில்தான் இருக்கிறது.